கேம்பல்டவுன்: முப்பது வடிசாலைகள் மூன்றான வரலாறு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கேம்பல்டவுன் என்ற சிற்றூரில் ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட விஸ்கி வடிசாலைகள் இயங்கியது உண்மையா, அவை மட்டமான சரக்கை விற்றதால்தான் அழிந்தனவா, மூன்றே வடிசாலைகள் எஞ்சியுள்ள ஊருக்கு இன்றும் சட்டத்தில் தனி இடம் இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, உரிமம் பெற்று அங்கே தொடங்கப்பட்ட வடிசாலைகள் முப்பதைத் தாண்டும் என்பது உண்மையே. ஆனால் அவை அனைத்தும் ஒரே காலத்தில் புகைபோக்கியில் புகை விட்டுக்கொண்டிருக்கவில்லை. சில பத்தாண்டுகள் ஓடி மூடின, சில கைமாறிப் பெயர் மாறின. சரக்கின் தரம் கெட்டதால் ஊர் கெட்டது என்ற விளக்கத்தை நான் பாதிக்கு மேல் ஏற்பதில்லை. அந்த ஊரின் விஸ்கியை யார் வாங்கினார்கள், எதற்காக வாங்கினார்கள் என்பதைப் பார்த்தால்தான் அதன் ஏற்றமும் வீழ்ச்சியும் ஒருசேர விளங்கும்.

முதலில் ஊர் இருக்கும் இடத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்கில் அயர்லாந்தை நோக்கி நீளும் கிண்டைர் தீபகற்பத்தின் தென்கோடிக்கு அருகே, கடல் உள்நுழைந்த ஒரு குடாவின் தலைமாட்டில் கேம்பல்டவுன் அமைந்துள்ளது. தீபகற்பத்தின் முனையிலிருந்து வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் கண்ணுக்குத் தெரியும். கிளாஸ்கோ நகரமோ நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டர் அளவில் இருந்தாலும், இடையே கடற்கழிகள் குறுக்கிடுவதால் சாலை லோமண்ட் ஏரியைச் சுற்றி, மலைக்கணவாய் ஏறி, இன்வரேரி, டார்பர்ட் என்று வளைந்து 220 கிலோமீட்டர் வரை நீள்கிறது. தரைவழியில் பார்த்தால் ஒதுக்குப்புறம். கடல்வழியில் பார்த்தால் கிளாஸ்கோவுக்கு அண்டை ஊர். நீராவிக் கப்பல்களின் காலத்தில் இந்த இரண்டாவது உண்மைதான் செல்லுபடியானது.

இந்தத் தென் கிண்டைர், ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் அரிதான நல்ல விளைநிலம். 17ஆம் நூற்றாண்டில் ஆர்கைல் பிரபுக்கள் தாழ்நிலப் பகுதியிலிருந்து உழவர்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள். அவர்கள் விளைத்த பார்லியும் அதன் பழைய நாட்டு இனமான பியர் (bere) என்ற தானியமும் முளைகட்டுவதற்குப் போதுமான அளவில் கிடைத்தன. ஊருக்கு மேற்கே மாக்ரிஹானிஷ் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அந்தக் கரியை ஊருக்குக் கொண்டுவர 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதற்கு முன்னளவை செய்தவர், நீராவி எந்திரத்தோடு பெயர் இணைந்த ஜேம்ஸ் வாட். கால்வாய் பயனிழந்த பின் 1877இல் அதே வேலைக்கு ஒரு குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது. குன்றின்மேல் உள்ள கிராஸ்ஹில் நீர்த்தேக்கம் தண்ணீரைத் தந்தது. தானியம், எரிபொருள், நீர், துறைமுகம் ஆகிய நான்கும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் அமைந்த ஊர்கள் ஸ்காட்லாந்தில் மிகச் சிலவே.

உரிமம் பெற்ற தொழிலுக்கு முன்பே கள்ளத்தனமாகக் காய்ச்சும் தொழில் அங்கே செழித்திருந்தது. அதற்கு அசைக்க முடியாத சான்று ஒன்று உண்டு. ராபர்ட் ஆர்மர் என்ற செம்புக்கன்னார் 1811இல் ஊரில் கடை திறந்து, குழாய் வேலை என்ற பெயரில், கைக்கடக்கமான செம்பு வாலைகளை, அதாவது சாராயம் வடிக்கும் கலங்களை, செய்து விற்றார். அவருடைய கணக்கேடுகள் இன்றும் எஞ்சியுள்ளன. வாங்கியவர் யார், எந்த உறுப்புக்கு எவ்வளவு செம்பு, விலை என்ன, தவணை எப்படி என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியுள்ளன. வாங்கியவர்களில் பெண்கள் பலர். உழவுக் குடும்பங்கள் நிலக் குத்தகையை கட்டுவதற்கு வீட்டுப் பின்கட்டில் நடந்த இந்தக் காய்ச்சலையே நம்பியிருந்தன என்பது அந்த ஏடுகளிலிருந்து தெளிவாகிறது. சட்டத்துக்கு வெளியே வாழ்ந்த எளிய மக்களின் பொருளாதாரம் இவ்வளவு துல்லியமாகக் காகிதத்தில் எஞ்சுவது மிக அரிது என்பதால், கேம்பல்டவுன் வரலாற்றில் பெரிய வடிசாலைகளின் ஆவணங்களைவிட இவற்றையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

1823ஆம் ஆண்டின் கலால் சட்டம் நிலைமையைத் தலைகீழாக்கியது. ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் கட்டி, ஒரு காலன் (ஏறத்தாழ 4.5 லிட்டர்) சரக்குக்கு 2 ஷில்லிங் 3 பென்ஸ் தீர்வை செலுத்தினால் எவரும் முறைப்படி காய்ச்சலாம் என்றானது. காய்ச்சும் கைத்திறன் ஊரில் முன்பே இருந்தது. முதலும் உழவர், வணிகர் குடும்பங்களிடமிருந்து வந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் எழுந்தன. ஸ்பிரிங்பேங்க் 1828இல் உரிமம் பெற்றது. இன்று கிளென் ஸ்கோஷியா எனப்படும் ஸ்கோஷியா 1832இல் தொடங்கியது. மிட்செல், கால்வில், கிரீன்லீஸ் போன்ற சில குடும்பங்களே ஒன்றுக்குள் ஒன்றாக மணவுறவும் பங்குறவும் கொண்டு இவற்றில் பலவற்றை நடத்தின. ஆல்பிரட் பர்னார்ட் 1880களின் நடுவில் பிரித்தானியத் தீவுகளின் வடிசாலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்து 1887இல் வெளியிட்ட நூலில், இந்த ஊரில் மட்டும் 21 வடிசாலைகளை விவரித்து, இதை விஸ்கி நகரம் என்றே அழைத்தார். அன்றைய ஊரில் முளைகட்டும் களங்களும் சூளைகளும் பீப்பாய்க் கிடங்குகளும் தெருவுக்குத் தெரு நின்றன. துறைமுகத்தின் ஒரு பக்கம் ஹெர்ரிங் மீன், மறுபக்கம் விஸ்கி.

இனிதான் உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அந்த 21 வடிசாலைகளின் விஸ்கியை யார் குடித்தார்கள்? கேம்பல்டவுன் என்ற பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடித்தவர்கள் மிகக் குறைவு. 1860ஆம் ஆண்டுச் சட்டம், தீர்வை கட்டும் முன்பே கிடங்குக்குள் வைத்து மால்ட் விஸ்கியையும் தானிய விஸ்கியையும் கலக்க வழி திறந்த பிறகு, சந்தை முழுவதும் கலப்பு விஸ்கி நிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது. தொடர் வாலையில் மலிவாகவும் ஏராளமாகவும் வடித்த தானிய விஸ்கிக்குச் சுவை குறைவு. அதற்கு உடம்பும் மணமும் தர முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட் விஸ்கி தேவைப்பட்டது. கேம்பல்டவுன் சரக்கு கனமானது. எண்ணெய்ப் பிசுக்கும் உப்புக்காற்றின் சாயலும், பீட் எனப்படும் சதுப்புநிலக் கரியின் புகையும் கொண்டது. சிறிதளவு சேர்த்தாலே கலவைக்கு வலு வந்துவிடும். கிளாஸ்கோவின் கலப்பு வணிகர்கள் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். இதே காலத்தில் திராட்சைக் கொடிகளை அழித்த ஃபைலாக்சரா பூச்சி பிரான்சின் பிராந்தி உற்பத்தியை முடக்கியதால் விஸ்கிக்கு மேலும் இடம் கிடைத்தது. ஊர் செழித்தது, ஆனால் அந்தச் செழிப்பு முழுவதும் சில கலப்பு நிறுவனங்களின் கொள்முதல் புத்தகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் புத்தகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேறு பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. 1863இல் ஸ்பே ஆற்றுப் பகுதிக்கு இருப்புப்பாதை வந்ததும், அங்கே வடித்த மென்மையான, பழமணம் கொண்ட மால்ட் விஸ்கி தெற்கே எளிதாக வந்து சேர்ந்தது. இங்கிலாந்து நகரங்களின் நடுத்தர வகுப்பினருக்கு, சோடா கலந்து குடிக்க, அந்த மென்மையே பிடித்திருந்தது. கலப்பு நிறுவனங்கள் சேர்மானத்தை மாற்றின. கேம்பல்டவுனின் குறுகிய இருப்புப்பாதை சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே மட்டும் ஓடியதே தவிர, நாட்டின் இருப்புப்பாதைகளோடு ஒருபோதும் இணையவில்லை. 1898 டிசம்பரில், கடனில் ஊதிப் பெருத்திருந்த லீத் நகரின் பேட்டிசன் விஸ்கி நிறுவனம் கொடுப்பனவை நிறுத்தியபோது, ஸ்காட்லாந்து முழுவதும் விற்காத சரக்கு மலையாகத் தேங்கியிருந்தது வெளிப்பட்டது.

ஊரின் வீழ்ச்சிக்கு மக்கள் சொல்லும் காரணம் வேறு. ஆசை மிகுந்து அவசர அவசரமாக வடித்தார்கள், பழைய பீப்பாய்களில் நிரப்பினார்கள், ஹெர்ரிங் மீன் ஏற்றிய பீப்பாயில்கூட விஸ்கியை ஊற்றினார்கள், அதனால் வாங்குவோர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள் என்பது நூறாண்டாகச் சொல்லப்படும் கதை. மீன்பிடி ஊரில் மீன் பீப்பாய் பற்றிய கதை எழுவது இயல்பே. அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த 1920 முதல் 1933 வரையிலான காலத்தில், கடத்தல்காரர்களுக்குப் போகும் சரக்குதானே என்று சிலர் தரத்தைக் கவனிக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். சில வடிசாலைகளில் தரம் விழுந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதை காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுகிறது. விற்பனை சரிந்து, நல்ல பீப்பாய் வாங்கப் பணமில்லாத வடிசாலைதான் தேய்ந்த பீப்பாயில் நிரப்பும்; செழிப்பாக ஓடும் வடிசாலைக்கு அந்தத் தேவை இல்லை. மட்டமான சரக்கே முழுக் காரணம் என்றால், கவனமாக நடத்தப்பட்ட வடிசாலைகள் தப்பியிருக்க வேண்டும். அவையும் அல்லவா மூடின!

உண்மையில் அடிமேல் அடியாக விழுந்தவை இவை. ஸ்பிரிட்டு மீதான தீர்வை, ஒரு காலனுக்கு, 1914இல் 14 ஷில்லிங் 9 பென்ஸாக இருந்தது. 1918இல் 30 ஷில்லிங், 1919இல் 50 ஷில்லிங், 1920இல் 72 ஷில்லிங் 6 பென்ஸ் என்று ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து மடங்கானது. குடிப்பவர்களின் எண்ணிக்கை உள்நாட்டில் சுருங்கியது. அமெரிக்கச் சந்தை சட்டப்படி மூடியது. எஞ்சிய வணிகம் சில பெரிய கைகளில் குவிந்தது. 1925இல் டிஸ்டில்லர்ஸ் கம்பெனி, ஜான் வாக்கர், புகேனன்-டூவார் ஆகிய பெரிய விஸ்கி நிறுவனங்கள் ஒன்றாகின. அளவுக்கு மீறிய உற்பத்தியைக் குறைக்க வேண்டிய பெரு நிறுவனம், தனக்குத் தேவைப்படாத சுவையையும், கரி, தானியம் கொண்டுவரச் செலவு கூடிய இடத்தையும்தான் முதலில் கைகழுவும். உள்ளூர்ச் சுரங்கமும் அந்தப் பத்தாண்டில் நின்றுபோனதால் எரிபொருள் விலையும் ஏறியது. ஊரின் வடிசாலைகளில் ஹேசல்பர்ன், கிளென்கைல், டாலின்டோபர் ஆகியவை 1925இலும், பென்மோர் 1927இலும், லாக்ஹெட் 1928இலும் நின்றன. ரீக்லக்கன் 1934இல் நின்றபோது ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும் மட்டுமே மிஞ்சின.

கிண்டைருக்கு மேற்கே உள்ள ஐலா தீவும் ஒதுக்குப்புறம்தான், அதன் விஸ்கியும் கனமானதுதான், அது மட்டும் எப்படித் தப்பியது என்று நீங்கள் கேட்கலாம். ஐலாவின் கடுமையான புகைமணத்தை வேறெங்கும் பெற முடியாது. கலப்பு நிறுவனங்களுக்குச் சில துளிகளாவது அது கட்டாயம் வேண்டும். கேம்பல்டவுனின் சுவை ஐலாவின் புகைக்கும் மலைநாட்டுச் சரக்கின் கனத்துக்கும் இடைப்பட்டது. கனம் வேண்டுவோருக்கு மலைநாட்டின் வேறு சரக்குகள் இருந்தன, புகை வேண்டுவோருக்கு ஐலா இருந்தது. தனித்து அருந்தினால் சிறப்பாகத் தோன்றும் இந்த நடுத்தன்மையே, கலப்பு வணிகத்தில் எளிதாக வெட்டிவிடக்கூடிய சேர்மானமாக அதை ஆக்கிவிட்டது என்பது என் முடிவு.

ஊர்க்காரர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1919இல் ஆறு வடிசாலைகளை ஒருங்கிணைத்து வெஸ்ட் ஹைலண்ட் மால்ட் டிஸ்டில்லரீஸ் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது கலைந்தது. அதில் முன்னின்றவரும் கிளென் ஸ்கோஷியாவின் உரிமையாளருமான டங்கன் மக்காலம், பொருள் இழந்த துயரில், 1930 டிசம்பரில் கிராஸ்ஹில் நீர்த்தேக்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய ஆவி வடிசாலையில் உலவுகிறது என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சுவையாகச் சொல்கிறார்கள். ஒரு தலைமுறை முதலாளிகளும் பீப்பாய்க்காரர்களும் களத்து ஆட்களும் ஒருசேர வாழ்வை இழந்த காலத்தை இப்படிப் பேய்க்கதையாகச் சுருக்குவது எனக்கு ஒப்பவில்லை.

இதே வீழ்ச்சியின் வாசலில் நிகழ்ந்த ஒன்று உலக விஸ்கி வரலாற்றையே மாற்றியது. கிளாஸ்கோவில் வேதியியல் படிக்க வந்திருந்த மசடாகா டாகெட்சுரு என்ற ஜப்பானிய இளைஞர், 1920இல் ஸ்காட்லாந்துப் பெண்ணான ரீட்டா கோவனை மணந்து, அதே ஆண்டில் கேம்பல்டவுனுக்கு வந்து, ஹேசல்பர்னில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். மேலாளர் பீட்டர் இன்னஸ் அவருக்கு எதையும் மறைக்காமல் கற்பித்தார். தரையில் பார்லியை முளைகட்டும் முறை, ஊறலின் கால அளவு, வாலையின் வடிவம், வடிதிரவத்தை எந்த நேரத்தில் பிரிப்பது என்பதையெல்லாம் டாகெட்சுரு படங்களுடன் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பேடே ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி வடிசாலையான யமசாகிக்கு அடித்தளமானது. பின்னர் 1934இல் அவர் தனியாக யோயிச்சியில் தொடங்கிய நிறுவனமே நிக்கா. அவர் கற்ற ஹேசல்பர்ன் ஐந்து ஆண்டுகளில் அடங்கிவிட்டது. கேம்பல்டவுன் சரக்கெல்லாம் மீன் பீப்பாய்ச் சரக்கு என்று சொல்வோர், ஜப்பானிய விஸ்கியின் பாடசாலை எது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்பேங்க் ஏன் நிலைத்தது என்பதற்கும் இதே வழியில் விடை காணலாம். அது மிட்செல் குடும்பத்தின் கையை விட்டுப் போகவில்லை. எந்தப் பெரு நிறுவனத்தின் உறுப்பாகவும் ஆகாததால், எங்கோ ஒரு அலுவலகத்தில் எழுதப்படும் ஆணைக்கு அது மூட வேண்டியிருக்கவில்லை. ஆயினும் கலப்பு வணிகத்தையே நம்பியிருந்த வரை அதற்கும் ஆபத்து நீங்கவில்லை. 1979 முதல் 1980களின் பிற்பகுதி வரை அதுவும் ஏறத்தாழ முழுமையாக நின்றிருந்தது. பிறருடைய கலவைக்கு விற்பதைக் கைவிட்டு, தன் பெயரிலேயே புட்டியில் அடைத்து விற்கும் வழிக்கு அது திரும்பியதுதான் திருப்புமுனை. பார்லியை முளைகட்டுவது முதல் புட்டியில் அடைப்பது வரை எல்லா வேலையும் ஒரே வளாகத்தில் நடக்கிறது. தனக்கு வேண்டிய பார்லி முழுவதையும் தன் களத்திலேயே, மண்வாரியால் புரட்டி முளைகட்டும் முறையை அது 1992இல் மீட்டெடுத்தது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலான வடிசாலைகள் ஆயத்த மால்ட்டை வெளியே வாங்கும் காலத்தில், இது ஆள்பலம் மிகுதியாக வேண்டும் வழி. ஊரில் வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழியை உரிமையாளர்கள் விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

அங்கே மூன்று வகை விஸ்கி வடிக்கப்படுகிறது. ஸ்பிரிங்பேங்க் என்ற பெயரில் வருவது, மால்ட்டை ஏறத்தாழ ஆறு மணி நேரம் பீட் புகையிலும் பிறகு வெப்பக் காற்றிலும் உலர்த்தி, இரண்டரை முறை வடிப்பது. இரண்டரை என்பது இப்படி: முதல் வாலையில் ஊறலைக் காய்ச்சிக் கிடைக்கும் மென்திரவத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பார்கள், மீதியை இரண்டாம் வாலையில் காய்ச்சுவார்கள், இரண்டையும் கலந்து மூன்றாம் வாலையில் இறுதியாக வடிப்பார்கள். ஆகவே திரவத்தின் ஒரு பகுதி இரு முறையும், பெரும்பகுதி மூன்று முறையும் வாலை ஏறுகிறது. முதல் வாலைக்கு இன்றும் நேரடியாகத் தீ மூட்டப்படுகிறது. லாங்ரோ என்பது இரண்டு நாள் பீட் புகையில் உலர்ந்த மால்ட்டை இரு முறை வடிப்பது. ஹேசல்பர்ன் புகையே இல்லாமல் மூன்று முறை வடிப்பது. பின்னிரண்டும் ஊரில் மறைந்த வடிசாலைகளின் பெயர்கள். கேம்பல்டவுன் சுவை என்று சொல்லப்படுவதை அறிய விரும்புவோர் இம்மூன்றையும் அடுத்தடுத்து முகர்ந்து பார்ப்பது நல்லது. ஒரே களம், ஒரே நீர், ஒரே வாலைகள், ஆனால் புகையும் வடிப்பும் மாறும்போது எவ்வளவு மாறுகிறது என்பது உடனே புலப்படும்.

கிளென் ஸ்கோஷியா 1980களிலும் 1990களிலும் மூடியும் திறந்தும் தள்ளாடி, இப்போது லாக் லோமண்ட் குழுமத்தின் கீழ் சீராக ஓடுகிறது. மூன்றாவதான கிளென்கைலின் வரலாறு உங்கள் கடைசிக் கேள்வியோடு இணைந்தது. மிட்செல் உடன்பிறப்புகளிடையே எழுந்த பிணக்கால், ஸ்பிரிங்பேங்கை விட்டு விலகிய வில்லியம் மிட்செல் 1872இல் அதைக் கட்டினார். 1925இல் மூடிய பின் அந்தக் கட்டடம் துப்பாக்கிப் பயிற்சிக் கழகத்துக்கும் உழவர் கூட்டுறவுக்கும் பயன்பட்டது. இரண்டே வடிசாலைகள் உள்ள ஊரைத் தனி வட்டாரமாகக் கருத முடியுமா என்ற பேச்சு எழுந்தபோது, தாழ்நிலப் பகுதியில் இயங்குபவையும் மூன்றுதானே, நாமும் மூன்றாவதைத் திறந்துவிடுவோம் என்று மிட்செல் வழிவந்தவரும் ஸ்பிரிங்பேங்க் தலைவருமான ஹெட்லி ரைட் முடிவு செய்ததாகச் சொல்வார்கள். 2000இல் அவர் கட்டடத்தை வாங்கினார். வேறொரு மூடிய வடிசாலையின் வாலைகளைக் கொண்டுவந்து பொருத்தி 2004இல் உற்பத்தியைத் தொடங்கினார். கிளென்கைல் என்ற வணிகப்பெயர் வேறொருவரிடம் இருந்ததால் அங்கே வடிப்பது கில்கெர்ரன் என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஹெட்லி ரைட் 2023இல் மறைந்தார்.

சட்ட நிலை இதுதான்: 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் ஐந்து பெயர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. மலைநாடு, தாழ்நிலம், ஸ்பேசைடு மூன்றும் வட்டாரங்கள். கேம்பல்டவுனும் ஐலாவும் அவற்றினும் சிறிய இடங்கள் என்ற தனி வகுப்பில் வருகின்றன. ஆர்கைல் அண்டு பியூட் மன்றத்தின் தென் கிண்டைர் வார்டே கேம்பல்டவுன் எல்லை என்று அவ்விதிகள் வரையறுக்கின்றன. அந்த எல்லைக்குள் வடித்த விஸ்கிக்குத்தான் அப்பெயரை இடலாம்; எல்லா ஸ்காட்ச்சையும் போலவே அதுவும் ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆகவே இத்தகுதியைத் தருவது வடிசாலைகளின் எண்ணிக்கை அல்ல. வரையறுத்த எல்லையும் நிலைபெற்ற பெயரும்தான்.

இப்போது அந்த எல்லைக்குள், மாக்ரிஹானிஷ் பக்கம் உட்பட, புதிய வடிசாலைகளுக்கான திட்டங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. கேம்பல்டவுன் என்ற பெயர் புட்டியில் இருந்தாலே விலை கூடும் நிலை வந்துவிட்டதால் இது எதிர்பார்த்ததே. இவற்றில் எது தன் விஸ்கியைத் தன் பெயரிலேயே விற்று நிற்கப் போகிறது, எது மீண்டும் பிறருடைய கலவைக்காக வடிக்கப் போகிறது என்பதைத்தான் நான் கவனித்துவருகிறேன். வாலைகளின் எண்ணிக்கையைவிட அதுவே முக்கியம்.